395 நெடுஞ்சாலையில் "ஒன்றுமே இல்லாத" இன்யோ கவுன்ட்டி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து குடும்பத்தோடு மம்மத் லேக்ஸ் போனோம். வழியில் ஒலான்சாவிலிருந்து பிஷப் வரை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கலிபோர்னியாவின் இன்யோ கவுன்ட்டிக்குள்தான் (நம்ம மாவட்டம் மாதிரி) வண்டி ஓடியது. இடது பக்கம் பனி மூடிய சியரா நெவாடா, வலது பக்கம் மொட்டை மலை, நடுவில் புதர்க்காடு. ஒரு பெரிய வெள்ளைத் திடல் வந்தது. ஏரி என்று வரைபடம் சொல்கிறது, தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் பதினைந்து மைல், இருபத்தைந்து மைலுக்கு ஒரு சின்ன ஊர்.

லோன் பைன் தாண்டி வண்டியை நிறுத்தினோம். கம்பி வேலியில் ஒரு தகரப் பலகை: இந்த நிலம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குச் சொந்தம். மனைவி கேட்டாள்: "நம்ம ஊர் இங்கிருந்து இருநூறு மைல் தள்ளி இருக்கே, அதுக்கு இங்கே எப்படி நிலம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. வந்து பார்த்தால் 2020 கணக்கெடுப்பில் மொத்த கவுன்ட்டிக்கே 19,016 பேர். பரப்போ வெர்மான்ட் மாநிலத்தை விடப் பெரியது. இவ்வளவு இடத்தில் ஏன் ஆளே இல்லை? பாலைவனம் என்பதால் மட்டும்தானா?

கல்மண்:
வணக்கம் நண்பரே. நான் நிலவியல் படித்தவன், அந்தப் பக்கம் பாறை தட்டிக்கொண்டு இரண்டு கோடைகாலம் திரிந்திருக்கிறேன். நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் ஓட்டிப் போனது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. ஆறு அரித்து உண்டான பள்ளம் இல்லை இது. இரண்டு பக்கமும் மலை எழும்ப, நடுத்துண்டு கீழே இறங்கிய பள்ளம். தரை 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேற்கே விட்னி சிகரம் 4,421 மீட்டர். அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவில் அதுதான் உச்சி. அங்கிருந்து கிழக்கே காகம் பறக்கிற தூரத்தில் 136 கிலோமீட்டர் போனால் டெத் வேலியில் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர். வட அமெரிக்காவின் ஆகத் தாழ்வான தரை. இரண்டும் ஒரே கவுன்ட்டி.

பசிபிக்கிலிருந்து வரும் மேகத்தை சியரா மேற்குச் சரிவிலேயே பிழிந்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்குத் தரையில் மழை மிகக் குறைவு. ஆனால் இதை மட்டும் வைத்து வறண்ட பூமி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலைமேல் விழுந்த பனி கோடையில் உருகி ஓடை ஓடையாக இறங்கி வரும். லோன் பைன் ஓடை, இண்டிபெண்டன்ஸ் ஓடை, தபூஸ் ஓடை, பிஷப் ஓடை என்று வரிசையாக எண்ணலாம். வானம் தராத தண்ணீரை மலை தந்த இடம் அது.

இன்னொன்று. லோன் பைனுக்குச் சற்று வடக்கே, சாலைக்கு மேற்கே மேட்டில் ஒரு சின்ன வேலி தெரியும். பெரும்பாலானோர் கவனிக்காமல் போய்விடுவார்கள். 1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணி வாக்கில் பெரும் நிலநடுக்கம் வந்தது. மண்கல் வீடுகள் தூங்குகிறவர்கள் மேலேயே சரிந்தன. அந்தச் சின்ன ஊரில் 27 பேர் இறந்தார்கள். பலரை ஒரே குழியில் புதைத்த இடம் அந்த வேலி. மேற்கே அலபாமா குன்றுகளின் அடியில் தரை படி வெட்டியதுபோல் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கிறது. நான் அந்தப் படியில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை நூற்றாண்டு மழையும் காற்றும் அதன் விளிம்பைக்கூட முழுதாக மழுக்கவில்லை.

தலைமடை:
கல்மண் அண்ணா சொன்ன தபூஸ் ஓடையிலிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன். அது வெள்ளைக்காரர் வைத்த பெயர் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் சாப்பிட்ட ஒரு கோரைக் கிழங்கின் பெயர் மருவி அப்படி ஆனது. அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை அழைக்கும் பெயர் பயஹூனடு, தண்ணீர் ஓடும் நிலம் என்று பொருள்.

நான் பாசனம் படித்தவள். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையர் வருவதற்கு முன்பே பையூட்டுகள் பிஷப் ஓடையில் அணை கட்டிப் பாசனம் செய்தார்கள். வசந்த காலத்தில் ஆண்கள் ஒன்றுகூடி கல், புதர், சேறு வைத்து ஓடையை மறிப்பார்கள். தண்ணீர் பாய்ச்ச ஒருவரை ஊர்கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி என்பவர் நினைவிருந்தால் சட்டென்று புரியும், அதே பொறுப்பு. கையில் நீளக் கழியோடு வாய்க்காலை அவர் திருப்பிவிடுவார். வடக்கே ஒரு வயல், தெற்கே ஒரு வயல். ஒரு வருடம் இதற்குத் தண்ணீர், மறு வருடம் அதற்கு. அறுவடைக் காலத்தில் அணையைப் பிரித்துவிட்டு, வற்றும் வாய்க்காலில் துள்ளுகிற மீனை அள்ளிக்கொள்வார்கள்.

1861இல் கால்நடை மந்தைகளோடு குடியேறிகள் வந்தார்கள். மாடுகள் மேய்ந்தது இந்தக் கிழங்கு வயல்களில்தான். அந்தக் குளிர்காலம் மிகக் கடுமையானது. பசித்தவர்கள் மாட்டைப் பிடித்தார்கள், அதிலிருந்து சண்டை மூண்டது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் போட்டது. சுதந்திர தினம் என்பதால் முகாமுக்குப் பெயர் இண்டிபெண்டன்ஸ். மறு வருடம் ஜூலையில் கிட்டத்தட்ட ஆயிரம் பையூட்டுகளை அந்த முகாமிலிருந்துதான் கோட்டை தெஹோன் வரைக்கும் கோடை வெயிலில் நடத்திக்கொண்டு போனார்கள். எல்லோரும் போய்ச் சேரவில்லை. அந்த முகாமின் பெயர்தான் இன்று கவுன்ட்டித் தலைநகரின் பெயர். அந்த ஊர்ப் பலகையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துவிடும்.

பலர் பிறகு திரும்பி வந்தார்கள். தங்கள் வாய்க்கால் பாய்ந்த நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்தார்கள். வழிப்போக்கன், ஆளே இல்லாத இடமா என்று கேட்டீர்கள். ஆள் இருந்த இடம்தான்.

பேட்டைவாசி:
அருமை அக்கா. ஆனால் அந்தத் தகரப் பலகைக்கு இன்னும் பதில் வரவில்லையே.

நீர்க்கணக்கர்:
அதை நான் சொல்கிறேன். தென் கலிபோர்னியாவில் குடிநீர்ப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் என் தொழிலும் கலந்திருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1900இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு லட்சம் பேர்தான். பத்தே வருடத்தில் அது மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஊருக்கு இருந்த ஒரே ஆறு போதவில்லை. முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் ஓவன்ஸ் ஆற்றைப் பார்த்து வைத்திருந்தார். 1904இல் தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்டைக் குதிரை வண்டியில் அழைத்துப்போய்க் காட்டினார். அதே சமயம் மத்திய அரசின் பாசனத் துறையும் அங்கே ஒரு திட்டத்துக்காக அளந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கு விவசாயிகள் அதை நம்பிக் காத்திருந்தார்கள். ஈட்டன் வந்து நிலமும் நீர் உரிமையும் வாங்கியபோது, அவர் அந்தத் துறைக்காக வாங்குகிறார் என்றே பலரும் நினைத்தார்கள். துறையின் கலிபோர்னியாப் பொறுப்பாளர் லிப்பின்காட் இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸிடமும் ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார். 1905 ஜூலையில் செய்தித்தாளில் விஷயம் வெளிவந்தபோது வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கியாகிவிட்டது. 1907இல் இன்யோ தேசிய வனம் அறிவித்தார்கள். மரமே இல்லாத பள்ளத்தாக்குத் தரையையும் வனம் என்று அதில் சேர்த்தார்கள். புதிதாக யாரும் அங்கே குடியேறி நிலம் கோர முடியாமல் போனது.

நான் வாய்விட்டுப் பாராட்டும் பகுதி ஒன்றும் உண்டு. ஓவன்ஸ் ஆற்றிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை 375 கிலோமீட்டர் கால்வாய், எங்குமே பம்ப் கிடையாது. முழுக்க முழுக்கச் சரிவிலேயே ஓடி, பாலைவனம் தாண்டி, மலை குடைந்து வருகிறது. 1908இல் ஆரம்பித்து 1913 நவம்பர் 5இல் திறந்தார்கள். மல்ஹாலண்ட் கூட்டத்தைப் பார்த்து "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். இன்று அந்த நகரத்தில் கிட்டத்தட்ட 39 லட்சம் பேர். விலை கொடுத்து, பத்திரம் எழுதி வாங்கிய தண்ணீர். ஆற்றை விட்டிருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கு இந்நேரம் வீட்டு மனைகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறியிருக்கும் என்பது என் கருத்து.

தலைமடை:
ஐயா, உங்கள் நேர்மைக்கு மரியாதை. ஆனால் "விலை கொடுத்து வாங்கியது" என்ற இடத்தில் நான் ஒத்துப்போக முடியாது. விற்றவருக்கு யாருக்கு விற்கிறோம் என்று தெரியாதபோது அது என்ன விலை? பக்கத்து நிலத்துக்காரர் விற்றுவிட்டால் பொது வாய்க்காலைப் பராமரிக்க ஆள் குறையும். அப்புறம் மிச்சமிருப்பவருக்கும் விற்பதைத் தவிர வழி இல்லை. சதுரங்கப் பலகைபோல் கட்டம் விட்டுக் கட்டம் வாங்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கையில் காசாவது வந்தது. ஊரில் கடை வைத்திருந்தவர், கொல்லர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் வாடிக்கையாளரையும் பிள்ளைகளையும் இழந்தார்கள். பையூட்டுகளை யாரும் விலை கேட்கக்கூட இல்லை. நீர் உரிமைப் பட்டியலிலேயே அவர்கள் பெயர் கிடையாது.

1924இல் பொறுமை போயிற்று. மே மாதம் கால்வாயை வெடிவைத்து உடைத்தார்கள். நவம்பர் 16 அன்று 70 பேர் போல அந்தக் கால்வாயின் அலபாமா மதகுக்குப் போய்ச் சக்கரத்தைத் திருப்பி, தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திறந்துவிட்டார்கள். நான்கு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக நூற்றுக்கணக்கில் மக்கள் வந்து, மதகடியிலேயே இறைச்சி சுட்டு, பாட்டுப் பாடித் தங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்கள் நடத்திய வங்கிதான் கவுன்ட்டிக்கே கருவூலம். 1927 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. பணக் கையாடலுக்காக இருவரும் சிறைக்குப் போனார்கள். சேமிப்பும் போச்சு, போராட்டமும் போச்சு. 1933 வாக்கில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் சுமார் 95 சதவீதமும் ஊர்மனைகளில் 85 சதவீதமும் நகரத்தின் கையில்.

நீர்க்கணக்கர்:
பையூட்டுகள் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை அம்மா. அது கணக்கிலேயே வராமல் விடப்பட்டது என்பது உண்மை. விற்பனை எல்லாமே ஏமாற்று என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1920களில் நல்ல விலைக்கு விரும்பி விற்றவர்களும் இருந்தார்கள்.

பிஷப்_செவிலி:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நான்கு வருடமாக பிஷப்பில் செவிலியாக இருக்கிறேன். கவுன்ட்டியில் நகராட்சி உள்ள ஒரே ஊர் இதுதான், 4,000 பேர்கூட இல்லை.

நிலக் கணக்கைக் கேளுங்கள். கவுன்ட்டியில் சுமார் 92 சதவீதம் மத்திய அரசுடையது. 4 சதவீதம் போல லாஸ் ஏஞ்சலிஸ். தனியார் கையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இங்கே புதிதாக வீடு கட்ட மனை கிடைக்காததற்கு இதுதான் காரணம். வேலைக்கு வந்தபோது வாடகை வீடு தேடியே எனக்கு மூன்று மாதம் போயிற்று. மாடு வளர்ப்பவர்களில் பலர் நகரத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான் மேய்க்கிறார்கள். அதே நிலத்தில் பகலில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். வேலைக்குப் போகும் முன் நான் தினமும் நடக்கும் வாய்க்கால் கரையும் லாஸ் ஏஞ்சலிஸின் கரைதான்.

வழிப்போக்கன் பார்த்த வெள்ளைத் திடல் ஓவன்ஸ் ஏரி. சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒரு காலத்தில் செர்ரோ கோர்டோ சுரங்கத்து வெள்ளியும் ஈயமும் அதில் நீராவிப் படகு ஏறிப் போயின. ஆற்றைத் திருப்பியபின் 1926 வாக்கில் ஏரி காய்ந்தேவிட்டது. அப்புறம் காற்றடித்தால் உப்புப் புழுதி. நாட்டிலேயே ஓர் இடத்திலிருந்து எழுந்த நுண்துகளில் இதுதான் மிக அதிகம் என்ற நிலை வந்தது. இந்த வட்டாரத்துக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விடாமல் சண்டை போட்டு, 2001இலிருந்து நகரத்தை ஏரித் தரையில் நீர் தேக்க வைத்தது. சில பகுதியில் உப்புப்புல், சில பகுதியில் சரளைக் கல். செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இப்போது புழுதி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஏப்ரலில் போனால் அந்த ஆழமில்லாத தண்ணீரில் ஆயிரக்கணக்கில் கரைப் பறவைகள் இறங்கும். நான் போய்ப் பார்த்தேன். உப்பு ஈக்கள் கரையோரம் கறுப்புக் கோடாக மொய்த்துக் கிடந்தன, பறவைகள் அலகைத் தாழ்த்தி அந்தக் கோட்டின் மேலேயே ஓடின.

பையூட் மக்கள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிஷப், பிக் பைன், இண்டிபெண்டன்ஸ் கோட்டை, லோன் பைன் என்று நான்கு குடியிருப்புகள். 1937இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவர்களுக்கு இருந்த நிலத்தை நகரத்தோடு மாற்றிக்கொண்டது. பிஷப் குடியிருப்புக்குக் கிடைத்தது 875 ஏக்கர். நீர் உரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். இன்னும் தீரவில்லை.

வருத்தக் கதை மட்டும் இல்லை. மே கடைசியில் கோவேறு கழுதைத் திருவிழா வரும். ஊரே தெருவில்தான் நிற்கும். பாஸ்க் இடையர்கள் வழிவந்த ரொட்டி வாங்க வரிசை கட்டுவார்கள். வாருங்கள்.

பேட்டைவாசி:
அக்கா, மஞ்சனார் என்று ஒரு பலகை பார்த்தேன். காவல் கோபுரம் ஒன்று நின்றது. ஜெயிலா?

கல்மண்:
அதை நான் எழுதுகிறேன், அங்கே ஒரு முழுநாள் இருந்திருக்கிறேன்.

மஞ்சனார் என்றால் ஸ்பானிஷில் ஆப்பிள் தோட்டம். முதலில் பையூட்டுகளின் இடம். 1910இல் பழத்தோட்டக்காரர்கள் ஊர் அமைத்தார்கள். ஆப்பிளும் பேரியும் விளைந்தன. நகரம் நிலத்தை வாங்கியதும் 1929க்குள் ஊர் காலி. அந்த வெற்றிடத்தில்தான் 1942 மார்ச்சில் முள்கம்பி போட்டு முகாம் எழுந்தது. பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, மேற்குக் கடற்கரை ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் இப்படிப் பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். மஞ்சனாரில் மட்டும் உச்சத்தில் 10,046 பேர். கவுன்ட்டியின் இன்றைய மொத்த மக்களில் பாதிக்கும் மேல் அந்த ஒரு வேலிக்குள்.

36 தொகுதிகள், 504 தார்க்காகிதக் கொட்டகைகள். ஆறு மீட்டருக்கு ஏழரை மீட்டர் அறை ஒன்றில் எட்டுப் பேர், எண்ணெய் அடுப்பு ஒன்று, தொங்கும் பல்பு ஒன்று. பச்சை மரத்தில் அடித்த தரைப்பலகை காய்ந்து இடைவெளி விட்டதும் இரவெல்லாம் மணல் உள்ளே வரும். கழிப்பறைகளில் தடுப்பே கிடையாது. திரும்ப எழுப்பிய கொட்டகைக்குள் நான் நின்றபோது வெளியே சாதாரணக் காற்றுதான். அதற்கே என் செருப்பின்மேல் மண் படிந்திருந்தது.

1942 டிசம்பர் 6 அன்று, கைதான ஒரு சமையல்கூடத் தொழிலாளியை விடச் சொல்லிக் கூட்டம் கூடியது. காவலர்கள் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவருக்கு வயது 17.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது தோட்டங்கள்தான். அடைபட்டவர்கள் கல் சுமந்து, குளம் வெட்டி, சின்னப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மண் மூடிக் கிடந்தவற்றைப் பின்னாளில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பழைய ஊர்க்காரர்கள் விட்டுப்போன பேரி மரங்களுக்கு இவர்கள் கவாத்து செய்து, தண்ணீர் விட்டு, திரும்பக் காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. யாரோ நட்டது, யாரோ காப்பாற்றியது, இரு கூட்டத்தாருமே போய்விட்டார்கள்.

கல்லறையில் வெள்ளைத் தூண் ஒன்று, 1943இல் அவர்களே எழுப்பியது. முகாம் 1945 நவம்பர் 21இல் மூடியது. கையில் 25 டாலரும் ஒருவழிப் பயணச் சீட்டும். 1988இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

கிழக்குமலை:
டெத் வேலியை விட்டுவிட்டீர்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான ஃபர்னஸ் கிரீக்கும் இன்யோதான். அங்கே திம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள், கோடையில் மேலே மலைக்குப் போய்விடுவார்கள். 1933இல் அதைத் தேசிய நினைவிடமாக்கியபோது சொந்த ஊரிலேயே இருக்க உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 2000இல் தனிச்சட்டம் வந்து, ஃபர்னஸ் கிரீக்கில் 313 ஏக்கர் உட்பட 7,500 ஏக்கருக்கு மேல் அவர்கள் பெயருக்கு வந்தது. சாவுப் பள்ளத்தாக்கு என்ற பெயரே அவர்களுக்குப் பிடிக்காது. வீட்டுக்கு யார் அப்படிப் பெயர் வைப்பார்கள்?

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போன சனிக்கிழமை நானும் மகளும் மட்டும் திரும்பப் போனோம். நீர்க்கணக்கர் ஐயா தனிமடலில் வழி சொன்னார். இண்டிபெண்டன்ஸுக்கு வடக்கே, நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் கிழக்கே திரும்பினால் தலைமதகு வருகிறது.

பெரிய அணை எதையோ எதிர்பார்த்துப் போனேன். தாழ்வான கான்கிரீட் சுவர், சில இரும்புக் கதவுகள், அவ்வளவுதான். வடக்கேயிருந்து ஆறு சத்தமில்லாமல் வந்து, அப்படியே வலது பக்கம் கால்வாய்க்குள் திரும்பிவிடுகிறது. ஒரு மரக்குச்சியைப் போட்டு மகள் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். கால்வாய்க்குத்தான் போனது. இடது பக்கம் பழைய ஆற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். 1913இலிருந்து வறண்டு கிடந்த நூறு கிலோமீட்டருக்கு, வழக்குகளுக்கும் 1991 ஒப்பந்தத்துக்கும் பிறகு, 2006 டிசம்பரில்தான் திரும்பத் தண்ணீர் விட்டார்களாம். அந்தப் பக்கம் நாணலும் வில்லோவும் அடர்ந்து நிற்கிறது, பறவைச் சத்தம். கால்வாய்ப் பக்கம் மொட்டைக் கரை.

வீட்டுக்கு வந்ததும் மகள் குழாயைத் திறந்து தம்ளர் பிடித்து, குடிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குச்சி இங்கே எப்போது வரும் என்று கேட்டாள்.

நீர்க்கணக்கர்:
குச்சி வடிகட்டியில் நின்றுவிடும் என்று சொல்லுங்கள். தண்ணீர் வரும். வழியில் ஹைவீ நீர்த்தேக்கத்தில் தங்கித்தான் வரும்.

பிஷப்_செவிலி:
ஏப்ரல் கடைசி சனிக்கிழமை மஞ்சனாரில் வருடாந்திர யாத்திரை நடக்கும். 1969இலிருந்து நடக்கிறது, முகாமில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். நான் போகிறேன். தலைமடை அக்கா, பேட்டைவாசி, வருகிறீர்களென்றால் முந்தின நாள் இரவு என் வீட்டில் தங்கலாம். இடம் சின்னது, பாய் இருக்கிறது. தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள், காற்று பலமாக இருக்கும்.

தலைமடை:
வருகிறேன். போகிற வழியில் பிஷப் ஓடையையும் காட்ட வேண்டும்.